கம்பஸில் படித்துவிட்டுப் போனவர்கள்

கேள்வி: இலவசக் கல்வியில் படித்துவிட்டு வெளிநாடு போய்விட்ட யாழ். பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள், வருடத்துக்கு ஒருமுறை இராப்போசனம் வைப்பதைத் தவிர இந்த மண்ணுக்கு என்ன செய்தார்கள்?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள். 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான இடம் இது. அதன்பின் முப்பது வருடத்தில் எத்தனை அணியினர் தடங்கல் இல்லாமல் படித்து முடித்தார்கள்? படிப்பைப் பாதியில் விட்டு உயிரைக் காப்பாற்ற ஓடியவர்களும் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்று பகலில் கணக்கியல் பரீட்சைக்குப் படித்தவர்கள் அனுப்பிய காசில்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிந்தது, தங்கச்சிமார் கரைசேர்ந்தார்கள். அதுவும் இந்த மண்ணுக்குச் செய்ததுதான்.

போனவர்கள் எல்லாரும் போன இடத்திலேயே நின்றுவிடவும் இல்லை. பேராசிரியர் அ. துரைராஜா இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு 1963இல் அவர் எழுதிய களிமண் பற்றிய கட்டுரை மண்பொறியியலில் அடிப்படையான ஒன்று. அப்படிப்பட்டவர், 1988 முதல் 1994 வரை, மின்சாரமும் எரிபொருளும் இல்லாமற்போன காலத்தில், இங்கே துணைவேந்தராக இருந்தார். கொழும்பு மருத்துவபீடத்தில் படித்த ராஜினி திராணகம இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, இங்கே உடற்கூற்றியல் துறைத் தலைவரானார். 1989 செப்டெம்பர் 21, வேலை முடிந்து சைக்கிளில் வீடு போகையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். திரும்பி வரவில்லையே என்று இலேசாகக் கேட்டுவிடுகிறோம். வந்தவர்கள் கொடுத்த விலையையும் நினைக்க வேண்டும்.

அப்புறம், பழைய மாணவர் என்றால் உங்களுக்கு ஏன் வெளிநாட்டுக்காரர் மட்டும் நினைவுக்கு வருகிறார்? உங்கள் பிரதேச செயலகத்தில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், ஆதார வைத்தியசாலையில் இருப்பவர்களில் பலர் இதே கம்பஸில் படித்தவர்கள்தான். விவசாய பீடத்தில் படித்த போதனாசிரியர் ஒருவர் வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து, ஊதாப் புள்ளி விழுந்த தாளைக் கிள்ளிக் காட்டி, "ஐயா, பின்னேரத்தில தெளிப்பானைப் போடாதேங்கோ, இரவு முழுக்கத் தாள் ஈரமாய் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவருக்கு ஒருவரும் பொன்னாடை போர்த்துவதில்லை. அவர் பெயர் எந்தச் சிறப்பு மலரிலும் வருவதில்லை.

சரி, இராப்போசனத்துக்கு வருவோம். கூடுங்கள், சாப்பிடுங்கள், பழைய கதை பேசுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அதோடு நிற்பதும், நின்றுவிட்டு மண்டபத்துக்குப் பெயர்ப்பலகை கேட்பதும் எனக்கு ஒவ்வாதவை. அதேவேளை, இங்கே இருக்கிற நாமும் அவர்களிடம் காசைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. முல்லைத்தீவிலிருந்து வந்து பொறியியல் படிக்கும் பிள்ளை புலமைப்பரிசிலுக்கு எழுதிய விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. நேர்முகத்தேர்வில் என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர ஆள் இல்லை. சிட்னியில் இருபது வருடம் பொறியியலாளராக இருப்பவருக்கு அது சனிக்கிழமையில் ஒரு மணித்தியால வேலை, கைபேசி போதும். அந்தப் பிள்ளைக்கோ அதுதான் கதவு.

ஆகவே பழைய மாணவர் சங்கங்கள் அடுத்தமுறை நன்கொடைப் பட்டியலை நீட்டுவதற்கு முன், மாணவர் பட்டியலை அனுப்பட்டும்: என்ன துறை, எந்த வருடம், எதில் உதவி வேண்டும் என்று. அதற்கும் பதில் வராவிட்டால், உங்கள் கேள்வியை இதே பக்கத்தில் நானே திரும்பக் கேட்கிறேன்.