சறுக்கப் போன மகள் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து சிட்னியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. மகளுக்கு 23 வயது. படிப்பு முடிந்து ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. சேர்வதை ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு டிசம்பர் முதல் வாரம் ஹொக்கைடோவில் நிசெகோ என்ற பனிச்சறுக்கு மலைப்பகுதிக்குப் போய்விட்டாள். ஒரே பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டிங் பழக வேண்டுமாம். அங்கே ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். வீட்டில் அவள் போர்வையை அவளே மடித்து நான் பார்த்ததில்லை. இன்ஸ்டாகிராமில் எப்போதும் சிரிக்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு நான் கூப்பிட்டால் “டயர்டா இருக்குப்பா, அப்புறம் பேசறேன்” என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாள். அவள் அம்மாவுக்குத் தூக்கமில்லை. “பனியில சறுக்கவா டிகிரி படிக்க வச்சீங்க?” என்று ஊரிலிருந்து என் அக்கா கேட்கிறார். அங்கே அவளுக்கு ஒரு நாள் எப்படித்தான் போகிறது? ஆபத்து உண்டா? சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? திரும்பி வரச் சொல்லலாமா, அல்லது பிப்ரவரியில் நாங்களே போய்ப் பார்க்கலாமா?

எஸ்., சிட்னி

அன்புள்ள எஸ்.,

திரும்பி வரச் சொல்லாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் ஒரு குளிர்காலத்தைக் கழித்தது நிசெகோ மலையடிவாரத்தில் உள்ள குச்சான் என்ற சிறு நகரில். தங்கிய வீட்டின் கீழ்த்தளம் முழுக்க உங்கள் மகளைப் போல வேலைக்கு வந்த பிள்ளைகள். அதனால் அவள் நாள் எப்படிப் போகும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

விடுதியில் பத்து மணிக்கு விருந்தினர் காலி செய்வார்கள். மூன்று மணிக்கு அடுத்த குடும்பம் வந்து நிற்கும். நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரம்தான் அவளுடைய வேலை நேரம். அதற்குள் ஓட்டமாக ஓடி எல்லா அறைகளையும் முடிக்க வேண்டும். பெரிய போர்வைக்கு உறை மாற்றுவதற்கென்றே ஒரு வித்தை உண்டு. உறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, இரு கைகளையும் உள்ளே விட்டு, மூலைகளோடு சேர்த்துப் போர்வையின் மூலைகளைப் பிடித்து ஒரே உதறு. பழகியவர் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். பழகாதவர் உறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்பார். அடுத்தது குளியலறை வடிகாலில் சிக்கிய முடி. அப்புறம் குப்பை. எரியும் குப்பை, பிளாஸ்டிக், புட்டி, டப்பா என்று ஜப்பானில் பிரித்துத்தான் போட வேண்டும். விருந்தினர் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துவிட்டுப் போயிருப்பார். அதைக் கொட்டிப் பிரிப்பவள் உங்கள் மகள்.

இதற்கு முன்பே, காலையில் இன்னொரு வேலை முடிந்திருக்கும். இரவெல்லாம் பெய்த பனி வாசலை அடைத்திருக்கும். அதைத் தள்ளி எடுக்க இரு கைகளால் பிடித்து உந்தும் அகலமான தள்ளு முறம் ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கும். எங்கள் வீட்டில் முறை போட்டுத் தள்ளினார்கள், முறை தவறியவர் அன்று இரவு பாத்திரம் கழுவ வேண்டும். பனி இப்படிக் கொட்டக் காரணம் சைபீரியாவிலிருந்து வரும் காற்று. உறைந்த, வறண்ட காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரையேறி முதல் மலையில் மோதியதும் அத்தனையையும் பனியாக இறக்கிவிடுகிறது. ஒரு பருவத்தில் சுமார் 15 மீட்டர் பனி அங்கே சாதாரணம். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, உதிரும். அந்த உதிரும் பனிக்காகத்தான் உலகம் அங்கே போகிறது.

சரி, அவள் சறுக்குவது எப்போது? வேலை முடிந்து நாலு மணிக்குத் திரும்பி, ஒரு கவளம் சாப்பிட்டு, நிசெகோவின் ஹிராஃபு சரிவுக்குப் போவாள். அங்கே இரவிலும் விளக்குப் போட்டு, ஆட்களை மலை மேலே ஏற்றும் தொங்கு நாற்காலி லிஃப்டை ஓட்டுகிறார்கள். பகலில் ஆயிரம் பேர் கீறிவிட்டுப் போன தடங்களை மாலைப் பனி மூடியிருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். உங்கள் ஊரில் ஒன்பது மணி என்றால் இந்த மாதங்களில் ஜப்பானில் ஏழு. நீங்கள் கூப்பிடும் நேரத்தில் உங்கள் மகள் லிஃப்ட் நாற்காலியில் தொங்கிக்கொண்டு, ஒரு கையுறையைக் கழற்றி, விரல் மரத்துப்போகப் போனை எடுக்கிறாள் என்பது என் ஊகம். இரண்டு நிமிடம் பேசுவதே பெரிய விஷயம். அவளுக்கு விடுமுறை எந்தக் கிழமை என்று கேட்டு, அன்று சாயங்காலம் கூப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் பிள்ளைகள் எந்த வேலையைத் தேடுவார்கள் தெரியுமா? சம்பளத்தைவிட ஷிஃப்டைத்தான் பார்ப்பார்கள். மாலையில் திறக்கும் உணவகத்தில் தட்டு கழுவும் வேலைக்கு அங்கே ஏக கிராக்கி, ஏனென்றால் காலை முழுக்க மலை உங்களுடையது. லிஃப்ட் அருகே நிற்கும் வேலைதான் பாவம். நாள் முழுக்கப் பிறர் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் விழும் பனியைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அறை சுத்தம் செய்பவர்களுக்கு மணிக்கு 2000 யென் வரை தருகிறார்கள் என்று சில வருடங்களாகவே செய்தி வருகிறது. 2024இல் ஹொக்கைடோவின் குறைந்தபட்சக் கூலி 1010 யென் என்பதோடு ஒப்பிட்டால் நல்ல காசுதான். ஆனால் மிஞ்சும் என்று எதிர்பார்க்காதீர்கள். தங்குமிட வாடகை, மண்ணெண்ணெய் ஹீட்டர், கையுறை, கிழிந்த பூட்ஸுக்குப் பதில் இன்னொன்று என்று எல்லாம் கரைந்துவிடும்.

ஸ்னோபோர்டிங் என்று சொல்கிறோம், முதல் சில நாட்கள் அது விழுவது மட்டும்தான். இரண்டு காலையும் ஒரே பலகையில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, குதிகால் பக்க விளிம்பிலோ விரல் பக்க விளிம்பிலோ சரிவை அழுத்தி நிற்க வேண்டும். பலகை தட்டையாகி, கீழ்ப்பக்க விளிம்பு பனியைக் கடித்ததோ, காலடியில் இருந்த பாயை யாரோ உருவியது போல ஆள் தலைகுப்புறப் போவார். கையை ஊன்றினால் மணிக்கட்டுக்கு ஆபத்து, புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது அங்கேதான். அதைவிட அவமானம் லிஃப்டிலிருந்து இறங்குவது. ஒரு காலை அவிழ்த்துவிட்டு ஒற்றைக் காலில் வழுக்கி இறங்க வேண்டும். விழுந்தால் பின்னால் வருபவர்களும் சேர்ந்து விழுவார்கள், லிஃப்டையே நிறுத்துவார்கள். டிசம்பரில் போனவள் என்றால் இந்தக் கட்டத்தை இந்நேரம் தாண்டியிருப்பாள். படத்தில் அவள் சிரிப்பதற்கு அதுவே போதும்.

உங்கள் அக்காவுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். இந்த விளையாட்டு தொடங்கியதே பெண் பிள்ளைகளுக்காகத்தான். 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிஷிகனில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், வீட்டில் இருந்த மகள்கள் விளையாட இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளைச் சேர்த்து ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். ஸ்னர்ஃபர் என்று பெயரிட்டது அவர் மனைவி. அதைப் பிடித்துக்கொண்டு ஜேக் பர்டன் போன்றவர்கள் எழுபதுகளில் காலைப் பலகையோடு கட்டும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது பெரும்பாலான பனிச்சறுக்கு மலைகள் இவர்களை உள்ளேயே விடவில்லை. 1998இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது, அதுவும் ஜப்பானின் நாகானோவில்.

ஆபத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆனால் அம்மாக்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. வகுத்த தடங்களில் ஹெல்மெட்டோடு சறுக்குபவளுக்குப் பெரும்பாலும் சுளுக்கும் சிராய்ப்பும்தான். பயப்பட வேண்டியது தடத்துக்கு வெளியே. நிசெகோவில் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போகக் கூடாது. வெளியே போக மலைக்கு மேலே வாயில்கள் வைத்திருக்கிறார்கள், பனிச்சரிவு அபாயம் இருந்தால் பூட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து பிடிபட்டால் லிஃப்ட் பாஸ் போய்விடும். நல்ல விதி. காட்டுக்குள் இன்னொரு கண்ணி: மரத்தின் கிளைகளுக்குக் கீழே பனி நிரம்பாமல் குழி இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. தலைகீழாக விழுந்தால் தானே வெளியே வருவது மிகக் கடினம். மரங்களுக்கு நடுவே தனியாகப் போகாதே, கூட வருபவர் கண்ணில் படும்படி இரு என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், கூரை ஓரத்தில் நிற்காதே என்றும். ஜப்பானின் பனி மாவட்டங்களில் கூரையிலிருந்து சரியும் பனிக்கட்டியால் ஒவ்வொரு வருடமும் உயிர் போகிறது. இதைச் சுற்றுலா விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

காப்பீட்டை இன்றே விசாரியுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் அங்கே தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும், மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் அவர் கட்டுவது. ஆனால் மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவும் ஊருக்குத் திரும்பும் செலவும் அதில் வராது. தனிப் பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும், தடத்துக்கு வெளியே சறுக்கினால் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சைவம் கொஞ்சம் கஷ்டம்தான். சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப்பில் காய்கறி மட்டுமே மிதந்தாலும் கொதிக்க வைத்த நீரில் கருவாட்டுச் சாறு இருக்கும். ரைஸ் குக்கர் இருந்தால் பிழைத்துக்கொள்வாள். குச்சான் உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஊர், மாவு மாவாக வேகும், நம் பொடிமாஸுக்கென்றே விளைந்தது போல இருக்கும். ரசப்பொடியும் பெருங்காயமும் அனுப்பி வையுங்கள். ஹொக்கைடோ முழுக்க உள்ள செய்கோமார்ட் கடையில் சூடான சோறு கிடைக்கும், ஆனால் அங்கே புகழ்பெற்றது பன்றிக்கறி வறுவல் வைத்த சோறு. அவள் அதைச் சாப்பிட்டிருந்தால் நீங்கள் கேட்காமல் இருப்பது நல்லது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ஹிராஃபுவில் குளிர்காலம் முழுக்க ஒரு ஜப்பானியச் சொல் பேசாமல் வாழ்ந்துவிடலாம். முதலாளி ஆஸ்திரேலியர், அறைத்தோழி ஆஸ்திரேலியர், பாரில் பாட்டும் ஆஸ்திரேலியா. வெளிநாட்டுப் பணம் கொட்டி, குடியிருப்பு நில விலை ஜப்பானிலேயே மிக வேகமாக ஏறிய இடமாகக் குச்சான் சில வருடங்கள் இருந்தது. மலைக்கு மேலே ஓர் ஊர், கீழே இன்னோர் ஊர். கீழே உருளைக்கிழங்கு விவசாயிகள், ரயில் நிலையம், வாசல் பனியைத் தினமும் ஒரே உயரத்துக்குச் செதுக்கி அடுக்கும் கிழவர்கள். பொது வெந்நீர்க் குளியலுக்குப் போகச் சொல்லுங்கள். முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிக்கொண்டுதான் தொட்டியில் இறங்க வேண்டும், துணி கூடாது, பெண்களுக்குத் தனி இடம். முதல் முறை கூச்சம் பிடுங்கும். அப்புறம் பக்கத்துப் பாட்டி உறைந்த விரல்களைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்பார், இவளும் ஏதோ பதில் சொல்வாள். அது நடக்காமல் மார்ச் வந்துவிட்டால், சிட்னியிலேயே ஒரு குளிர்பதன அறையில் இருந்துவிட்டு வந்திருக்கலாம்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெட்டி கட்ட வேண்டாம். உங்கள் மகள் போனது ஆஸ்திரேலியா-ஜப்பான் வொர்க்கிங் ஹாலிடே விசாவில், அதாவது ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய இளைஞர்களுக்குத் தரும் விசாவில். 1980இல் ஜப்பான் இந்தத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியதே ஆஸ்திரேலியாவோடுதான், 18 முதல் 30 வயது வரை. இந்தியாவோடு ஜப்பானுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியா 2024இல் வருடத்துக்கு 1000 இடங்களோடு குலுக்கல் முறையில் இதைப் போன்ற ஒரு விசாவைத் திறந்தது. அங்கேயும் பெரிஷர், த்ரெட்போ என்று பனிமலைகள் உண்டு, ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை.

பிப்ரவரிப் பயணம் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் அறை வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும், அவளுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஜனவரி கடைசியில் எல்லோருமே சோர்ந்திருப்பார்கள். வாரக்கணக்கில் சூரியன் வராது, எதிரே 1898 மீட்டர் யோட்டெய் மலை நிற்பதே தெரியாது. அந்த நேரத்தில் அம்மாவைப் பார்த்தால் அழுதுவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவாள். மார்ச் நடுவில் போங்கள். கூட்டம் வடிந்திருக்கும், வானம் வெளுக்கும். ஷின் சிட்டோசே விமான நிலையத்திலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம் போல ஆகும். பகலில் உருகி இரவில் உறையும் மாதம் அது, ரப்பர் அடி உள்ள பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியிடம் சின்னச் சின்ன அடியாக, பாதத்தை முழுசாகப் பதித்து நடக்கச் சொல்லுங்கள். புடவை வேண்டாம்.

அன்புடன்.