83இல் ஒன்று போனால்

அன்புள்ள அக்கா,

எனக்கு 38 வயது. கொருக்குப்பேட்டை. கன்டெய்னர் யார்டில் லோடு கணக்கு எழுதுகிறேன். தினமும் ஒரு குவாட்டர், சம்பள நாளில் ஆஃப் என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. குடியை விடுவதற்காக என் பையன் ஃபோனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தான். குடிக்காத நாளை அது எண்ணும், மிச்சமான பணத்தையும் காட்டும். விட்ட புதிதில் மூன்று நாள் கை நடுங்கியது, சுவரில் பூச்சி ஊர்வதுபோல் தெரிந்தது. ஆப்பைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிட்டேன். 71ஆம் நாள் மாமா சாவு. எடுத்துவிட்டு வந்த பிறகு ஒரு கட்டிங் போட்டேன். அதற்கப்புறம் தொடவில்லை. ஆனால் ஆப்பில் ‘குடித்தேன்’ பட்டனை அமுக்கவில்லை. அமுக்கினால் பூஜ்யத்துக்குப் போய்விடும். இன்று 83 நாள், 16,600 ரூபாய் மிச்சம் என்று காட்டுகிறது. 90 வந்தால் பதக்கம் வரும். அன்றைக்கு பிரியாணி என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மனசு உறுத்துகிறது. பூஜ்யம் ஆக்கிவிடட்டுமா? பூஜ்யத்துக்குப் போகாத வேறு ஆப் தமிழில் இருக்கிறதா? மாலை போட்டால் நிற்குமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

போன மாதம் பட்டாளத்தில் அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது பரண்மேல் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. அன்றிலிருந்து உங்கள் பூஜ்யத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், உங்களைத் தெரியாமலேயே. டப்பாவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் திட்டிவிடுகிறேன்.

சுவரில் பூச்சி ஊர்ந்ததை ஆப்பைப் பார்த்துத் தாண்டினீர்களா? பன்னிரண்டு வருடம் தினமும் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் கட்டவிழ்ந்து ஓடும். முதலில் நடுக்கம், பிறகு வலிப்பு, இரண்டு மூன்று நாளில் நினைவு பிறழ்வது. இதில் செத்தவர்கள் உண்டு. என் அப்பாவுக்கு இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. சைக்கிள் ரிக்‌ஷாவில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டிலிருந்து ஸ்டான்லி எவ்வளவு தூரம்? இதைப் படிக்கிற வேறு யாராவது நாளையிலிருந்து நிறுத்தப்போவதாக இருந்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள். குடியை விட உதவ 14446 என்று இலவச எண் இருக்கிறது, அதில் பேசுங்கள். ஃபோன் இருப்பது அதற்கும்தான்.

மாலை போடுவது உங்கள் இஷ்டம். ஒரு மண்டலம் சுத்தபத்தமாக இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போனவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர். எந்த ஆப் நல்லது என்பதை உங்கள் பையனிடம் கேளுங்கள்.

இனி பூஜ்யம்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். 83 கன்டெய்னர் வந்தது, ஒன்று அடிபட்டது என்றால் முதலாளியிடம் என்ன எழுதிக் கொடுப்பீர்கள்? 82 நல்லது, 1 சேதம். ‘சரக்கே வரவில்லை’ என்று எழுதுவீர்களா? எழுதினால் வேலை இருக்குமா? யார்டில் செய்யாத அந்தக் கணக்கை உங்கள் உயிர் விஷயத்தில் ஒரு ஃபோன் செய்கிறது. நீங்களும் அதற்குப் பயந்து பொய் சொல்லிவிட்டு, தூக்கம் வராமல் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

நீங்கள் பொய் சொன்னது தப்பு. ஆனால் உங்களைப் பொய் சொல்ல வைத்தது அந்தப் பூஜ்யம். பொய் சொல்லாமல் பட்டனை அமுக்குகிறவனை அது வேறு மாதிரி கெடுக்கிறது. நனைந்த பின் முக்காடு எதற்கு என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே, பூஜ்யம் அதைத்தான் காதில் ஓதும். எல்லாம் போயாச்சு, இன்னொரு குவாட்டரில் என்ன வந்துவிடும் என்று. ஒரு கட்டிங் ஒரு வாரமாக நீள்வது அப்படித்தான்.

ஆப்பை வைத்து ஒழுங்காக ஆராய்ச்சி செய்தவர்களே இப்படி எண்ணவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஏ-செஸ் என்று ஓர் ஆப் செய்தார்கள். உள்நோயாளியாக இருந்து குடிசிகிச்சை முடித்து வீடு திரும்பிய 349 பேரில் பாதிப் பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. அவர்கள் முக்கியமாகக் கேட்டது, கடந்த 30 நாளில் எத்தனை நாள் அளவு மீறிக் குடித்தாய் என்று. ஆப் இருந்தவர்களுக்குச் சராசரி 1.39 நாள், இல்லாதவர்களுக்கு 2.75. பாதி குறைந்ததையே வெற்றி என்று எழுதினார்கள். அந்த ஆப்பில் ஆபத்து பட்டன் ஒன்று உண்டு, பேசுவதற்கு ஆட்களும் உண்டு. பழைய குடி இடத்தை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் இருந்தது. நம்மூரில் அதை வைத்துக்கொண்டு நடந்தால் ஃபோனில் சார்ஜ் தெருமுனை வரைக்கும்தான் நிற்கும்.

இன்னொரு கதை. குடியை விட நினைக்கிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு தொடங்கியது இரண்டு பேரால். பில், பாப். பாப் ஒரு அறுவை சிகிச்சை டாக்டர். 1935 மே மாதம் பில்லைச் சந்தித்த பிறகு குடியை நிறுத்தினார். சில வாரத்திலேயே வெளியூரில் டாக்டர்கள் மாநாடு, அங்கே மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்து விழுந்தார். ஆபரேஷன் செய்யவேண்டிய நாளன்று கை நடுங்குகிறது. பில்தான் ஒரு பீர் கொடுத்து அனுப்பினார். அதுதான் அவருடைய கடைசிக் குடி. ஜூன் 10. அந்தத் தேதியைத்தான் உலகம் முழுக்க அவர்கள் தங்கள் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர்களும் நாள் எண்ணுகிறவர்கள்தான், தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொல்கிறவர்கள்தான். ஆனால் அங்கே அதைச் சொல்ல எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவனும் ஒருநாள் விழுந்தவன். சென்னையில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது, காசு கிடையாது. போய்ப் பாருங்கள்.

உடனே மாதம் ஒன்று குடிக்கலாம் என்று அக்கா சொன்னதாகக் கிளம்பிவிடாதீர்கள். செருப்பு பிய்யும்.

டப்பா. பின்னி மில் 1996இல் மூடியபோது அப்பாவுக்குக் குடிக்க நேரமும் கிடைத்தது, காரணமும் கிடைத்தது. மறுவருடம் அந்த வலிப்புக்குப் பிறகுதான் நிறுத்தினார். பாரிமுனையில் ஒரு கடையில் பார்சல் கட்டும் வேலைக்குப் போனார். தினமும் சாயங்காலம் ஒரு குவாட்டர் காசை டப்பாவில் போட வேண்டும், அது அம்மா சட்டம். உங்கள் ஆப் 16,600 என்கிறதே, அதை உங்கள் வீட்டம்மா தொட்டுப் பார்த்திருக்கிறார்களா? எங்கள் டப்பாவை ஆட்டினால் சத்தம் வரும். நானும் தம்பியும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவோம்.

மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் ஆட்டினால் லொடலொட என்று கொஞ்சம் சில்லறை மட்டும். அப்பாவைக் காணோம். மறுநாள் காலையில் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார், உள்ளே வரவில்லை. இனி அடி, அழுகை, பழையபடி எல்லாம் என்று நாங்கள் பாய்க்குள் சுருண்டு கிடந்தோம். அம்மா டப்பாவைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். உள்ளே இரண்டே முக்கால் ரூபாய். “துட்டு தான போச்சு. குடிக்காத இருந்த நாளெல்லாம் எங்க போவும்?” என்றாள். அப்புறம் தண்ணி பிடிக்கப் போய்விட்டாள், குழாயில் அன்றைக்கு நம் முறை.

அப்பா ரொம்ப நேரம் அந்தச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டே முக்காலை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்?

பட்டனை அமுக்குவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா. அது கிடக்கட்டும். ஃபோனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் வீட்டில் சொல்லுங்கள். 83இல் 82 என்று கணக்காகவே சொல்லுங்கள். பிரியாணியை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்கு அரிசி ஊறப்போடும் முன்னால் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா