கடைசிக் கச்சேரி என்றால் நம்பலாமா? பழைய மெட்டல் பேண்டுகள் பற்றிக் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பத்தைந்து வருஷமாக கிட்டார் ஆம்ப் பழுது பார்க்கிறேன். சனிக்கிழமை பட்டறைக்கு வருகிறவர்கள் ஆம்பைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்புவதில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எழுபது தாண்டிய மெட்டல்காரர்கள் இன்னும் ஏன் மேடையேறுகிறார்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகளை எழுதிக் கொடுங்கள், மொத்தமாகப் பதில் சொல்கிறேன் என்றேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சாட்ஸ்வர்த், பள்ளி மாணவன்: மாமா, "இதுதான் அவங்க கடைசி டூர், வெளிநாடு போயாவது பார்க்கணும்" என்கிறார் அப்பா. "பத்து வருஷமா இதைத்தான் சொல்றாங்க" என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

அம்மாதான். பிளாக் சப்பாத் பேண்டின் முதல் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் 1992இல் 'நோ மோர் டூர்ஸ்' என்று பெயர் வைத்து விடைபெற்றார். 1995இல் திரும்பி வந்தார். 2018இல் 'நோ மோர் டூர்ஸ் 2' என்று மறுபடியும் விடைபெறக் கிளம்பினார்! கிஸ் 2000இலேயே பிரியாவிடை டூர் போனது. உண்மையான கடைசிக் கச்சேரி 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில் நடந்தது. ஸ்கார்ப்பியன்ஸ் 2010இல் ஓய்வு என்று அறிவித்துவிட்டு 2022இல் புது ஆல்பம் போட்டார்கள். ஸ்லேயர் 2019இல் மூட்டை கட்டி, 2024இல் அவிழ்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது மோட்லி க்ரூ கதை. 2014இல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இனி இந்தப் பெயரில் டூர் போக மாட்டோம் என்று சட்டப்படி ஒப்பந்தமே போட்டுக் கையெழுத்திட்டார்கள். 2015 டிசம்பர் 31 கடைசி நாள். 2019இல் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பதுபோல் ஒரு வீடியோ வெளியிட்டுத் திரும்பி வந்தார்கள். எழுதியவர்களே கிழித்தால் யார் கேட்பது?

பொய் சொல்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆல்பம் விற்றுச் சாப்பிட்ட காலம் போய்விட்டது, இப்போது சோறு போடுவது டூர்தான். அதோடு நாற்பது வருஷம் இரவு ஒன்பது மணிக்கு மேடையில் நின்றவன் ஒன்பது மணிக்கு வீட்டில் என்ன செய்வான்? உண்மையான ஓய்வு எப்படி இருக்கும் என்றால் ஏரோஸ்மித்தைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் டூர் தொடங்கிய சில நாளிலேயே பாடகர் ஸ்டீவன் டைலருக்குக் குரல்வளையில் முறிவு. ஒரு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, 2024 ஆகஸ்டில் டூரை முழுக்க நிறுத்தினார்கள். வெடி, வீடியோ எதுவும் இல்லை.

அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். டிக்கெட் வாங்கட்டும்.

பீனிக்ஸ்: பழைய பேண்டுகளின் இப்போதைய கச்சேரிகளைக் கேட்டால், ரெக்கார்டில் இருப்பதைவிட எல்லாப் பாட்டும் கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி இருக்கிறது. என் காது கோளாறா?

காது நன்றாகத்தான் இருக்கிறது. நம் வித்வான்கள் வயதானால் சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கொள்கிறார்கள் அல்லவா, அதேதான். மூன்று கட்டையில் நிற்க வேண்டிய அடிக்கம்பியை இரண்டரைக்கு இறக்குவார்கள், மற்றக் கம்பிகளும் கூடவே இறங்கும். கிட்டார்காரருக்கு விரல் வைக்கும் இடம் மாறாது, பாடகருக்கு மேல் ஸ்வரத்தில் மூச்சு மிஞ்சும். கம்பி தளர்வதால் சத்தமும் கொஞ்சம் கனமாகும், அது இந்த இசைக்கு லாபம்தான்.

இறக்கியும் எட்டாத பாட்டை விட்டுவிடுவதும் ஒரு கௌரவம். டீப் பர்ப்பிளின் இயன் கிலன் 1970இல் 'சைல்ட் இன் டைம்' பாட்டில் போட்ட அலறல் உங்களுக்குத் தெரியும். அவர் 1945இல் பிறந்தவர். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பாட்டை அவர்கள் மேடையில் தொடுவதில்லை. பழைய குரலை டேப்பில் ஓடவிட்டு வாயசைக்கிறவர்களை விட இது எவ்வளவோ மேல்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கோயிலில் தவில் கற்கும் தம்பி: பிளாக் சப்பாத் கிட்டார்காரர் டோனி ஐயோமிக்கு விரல் நுனி கிடையாது என்கிறார்களே, நிஜமா அண்ணே?

நிஜம். பர்மிங்ஹாமில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை, வயது பதினேழு, வேலையை விடுகிற கடைசி நாள். எந்திரம் வலது கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடதுகைக்காரர், அதனால் கம்பியை அழுத்துகிற கை வலது கைதான். இனி கிட்டார் இல்லை என்று உட்கார்ந்திருந்தவருக்கு, தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார்காரரின் ரெக்கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்தவர்.

அடுத்து ஐயோமி செய்ததைத் தவில்காரனான உனக்குச் சொன்னால் உடனே புரியும். பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டையாக்கி, சூடான இரும்பால் துளை போட்டு, விரலுக்குப் பொருந்தும்வரை தேய்த்துத் தேய்த்து ஒரு கூடு செய்தார். வழுக்காமல் இருக்க மேலே பழைய தோல் துண்டை ஒட்டினார். நீ துணிப்பட்டையில் பசை தடவி விரலில் சுற்றிக் காயவைத்துப் போட்டுக்கொள்கிறாயே, அதே கூடுதான். உனக்கு அது சத்தத்துக்கு, அவருக்கு வலிக்கு.

கூடு போட்ட விரலால் இறுகிய கம்பியை வளைப்பது கஷ்டம். அதனால் மெல்லிய கம்பி போட்டார், 1971 ஆல்பத்தில் சுருதியையும் இறக்கினார். மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டை வரை! அந்தத் தொளதொளத்த கம்பியின் உறுமலைத்தான் ஐம்பது வருஷமாக உலகம் முழுக்கக் காப்பியடிக்கிறார்கள்.

ஜோஹன்னஸ்பர்க், மதுரையிலிருந்து வந்து ஐடியில் வேலை பார்ப்பவர்: அண்ணே, உங்கள் இளமையில் இந்த பேண்டுகள் இங்கே வந்தார்களா?

வரவில்லை என்பதுதான் பொதுவான பதில். 1980இல் ஐ.நா. பொதுச்சபை, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குக் கலைஞர்கள் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டது. ஆனால் சன் சிட்டி என்ற கேளிக்கை விடுதி ஒரு ஓட்டையாக இருந்தது. போப்புதட்ஸ்வானா என்ற 'தனி நாட்டில்' இருக்கிறது, அதனால் அது தென்னாப்பிரிக்கா இல்லை என்று சொல்லிக்கொண்டு பெரிய பணம் கொடுத்து அழைப்பார்கள். அந்த நாட்டை பிரிட்டோரியாவின் வெள்ளையர் அரசைத் தவிர யாரும் மதிக்கவில்லை. குவீன் பேண்ட்காரர்கள் 1984இல் வந்தார்கள், திரும்பிப் போனதும் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. 1985இல் சன் சிட்டியில் வாசிக்க மாட்டோம் என்று ராக், ராப், ஜாஸ் கலைஞர்கள் ஒரு கும்பலாகச் சேர்ந்து பாட்டே போட்டார்கள்.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, 1987இல், பிளாக் சப்பாத் சன் சிட்டிக்கு வந்தது. பழையவர்களில் ஐயோமி மட்டும்தான், பாடியவர் டோனி மார்ட்டின். எனக்குப் பத்தொன்பது வயது, படுக்கைக்கு மேல் ஐயோமி படம். என் பெரியண்ணன் சாட்ஸ்வர்த் தெருக்கூட்டங்களுக்கெல்லாம் போகிறவர். சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "போனா திரும்பி இந்த வீட்டுக்கு வராதே" என்றார். நான் போகவில்லை. கொள்கைக்காக என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேன். பஸ் காசும் இல்லை என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். படத்தைக் கழற்றவும் இல்லை.

அப்புறம் நிலைமை மாறியது. மெட்டாலிக்கா 2006இலும் 2013இலும் வந்தார்கள், அயர்ன் மெய்டன் 2016இல். பாடகர் புரூஸ் டிக்கின்சனே 747 விமானத்தை ஓட்டிய டூர் அது, நாக்குப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து அதிக காலம்கூட ஆகவில்லை. 2018 நவம்பரில் சொவேட்டோ பக்கத்து எஃப்என்பி ஸ்டேடியத்தில் கன்ஸ் அண்ட் ரோசஸ். பாடகர் ஆக்சலும் கிட்டார்காரர் ஸ்லாஷும் இந்த ஜென்மத்தில் சேரமாட்டோம் என்று சண்டை போட்டவர்கள், அந்த டூருக்கே 'இந்த ஜென்மத்தில் இல்லை' என்று பெயர் வைத்தார்கள். 58 கோடி டாலருக்கு மேல் வசூல். பகைக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

அதே ஊர், வேறொருவர்: லெட் செப்பலின் மறுபடி சேருமா?

சேராது. 1980இல் டிரம்மர் ஜான் பானம் இறந்ததும் நிறுத்தியவர்கள். 2007 டிசம்பரில் அவர் மகன் ஜேசனை உட்காரவைத்து லண்டனில் ஒரே ஒரு இரவு வாசித்தார்கள். அதோடு சரி.

ஸ்டாங்கர்: ஒரே ஒருவர்தான் பழையவர், மற்ற எல்லாரும் புதியவர்கள். அதை அந்த பேண்ட் என்று சொல்லலாமா?

யூரையா ஹீப்பில் 1969இலிருந்து இருப்பவர் கிட்டார்காரர் மிக் பாக்ஸ் ஒருவர்தான். ஆனால் அவர் ஒரு நாளும் இறங்காமல் ஓட்டிக்கொண்டே இருக்கிற வண்டி அது. அதை ஒத்துக்கொள்கிறேன். டீப் பர்ப்பிளில் எல்லாக் காலத்திலும் இருந்தவர் டிரம்மர் இயன் பெய்ஸ். அவர் கை இருக்கும்வரை எனக்கு அது பர்ப்பிள்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. 1980இல், டீப் பர்ப்பிள் கலைந்து கிடந்தபோது, அவர்களுடைய முதல் பாடகர் ராட் எவன்ஸ் அந்தப் பெயரிலேயே அமெரிக்காவில் டூர் கிளம்பினார். கூட இருந்தவர்கள் யாரும் பர்ப்பிள் ஆட்கள் இல்லை. கூட்டம் கொதித்தது. வழக்கு நடந்து 6,72,000 டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பழைய ரெக்கார்டுகளின் ராயல்டியும் போயிற்று. அவர் அதற்குப் பிறகு இசைப்பக்கமே வரவில்லை. நிஜ ஆட்கள் 1984இல் சேர்ந்து வந்தார்கள். ஆக, பழையவர் ஒருவர் இருந்தால் போதும் என்பதில்லை, நடுவில் அவர் எங்கே இருந்தார் என்று பாருங்கள்.

டொங்காட், கல்யாணங்களுக்கு சவுண்ட் போடுபவர்: எனக்கு இரவில் காதில் 'ஙொய்' என்று கேட்கிறது. ஏசி/டிசி பாடகர் காது போயும் எப்படித் திரும்பி வந்தார்?

முதலில் காது டாக்டரிடம் போங்கள், பதிலை அப்புறம் படியுங்கள்.

பிரையன் ஜான்சனை 2016இல் டாக்டர்கள் தடுத்தார்கள். இப்படியே பாடினால் முழுச் செவிடாகிவிடுவீர்கள் என்றார்கள். மீதி டூரை ஆக்சல் ரோஸ் பாடிக் கொடுத்தார். ரிதம் கிட்டார் மால்கம் யங் ஏற்கெனவே மறதி நோயால் விலகியிருந்தார், 2017இல் இறந்தார். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஸ்டீபன் அம்ப்ரோஸ் என்ற நிபுணர், காதுக்குள் மாட்டும் புதுவகைக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். 2020இல் மால்கம் விட்டுப்போன ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளை) வைத்தே ஒரு ஆல்பம் வந்தது. மால்கமின் இடத்தில் அவர் அண்ணன் மகன் ஸ்டீவி. 2024இல் ஐரோப்பா முழுக்க டூர். (அவர்களுடைய மிகப் பெரிய ஆல்பமான 1980இன் 'பேக் இன் பிளாக்'கைத் தயாரித்த மட் லாங் நம் நாட்டில் வளர்ந்தவர். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.)

உங்களுக்கு அப்படி யாரும் கருவி செய்து தரப்போவதில்லை. கணக்கு இதுதான்: 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் பதினைந்தே நிமிஷம். பக்கத்தில் நாதஸ்வரமும் இரண்டு தவிலும் இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லெனேசியா, ஒரு அக்கா: ஓசியின் கடைசி நிகழ்ச்சியை நேரலையில் பார்த்து அழுதேன். உட்கார்ந்தே பாடியதைக் கேலி செய்கிறார்கள். உங்களுக்கு எப்படி இருந்தது?

2025 ஜூலை 5, பர்மிங்ஹாம் வில்லா பார்க். பிளாக் சப்பாத்தின் பழைய நால்வரும் வளர்ந்த பேட்டை அது. கறுப்புச் சிம்மாசனத்தில் ஓசி மேடைக்குக் கீழிருந்து எழும்பி வந்தார். பார்க்கின்சன் நோய், எழுந்து நிற்க முடியாது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு ஐயோமி, கீசர் பட்லர், இருபது வருஷமாக அவர்களோடு வாசிக்காத டிரம்மர் பில் வார்ட். 2012இல் ஒப்பந்தத் தகராறில் வார்ட் விலகியதும், 2017இல் 'கடைசி' என்று சொன்ன கச்சேரியை அவர் இல்லாமலே முடித்ததும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நாலே பாட்டு. சில இடங்களில் குரல் சுருதியை விட்டு விலகியது, வார்ட் தாளத்தில் கொஞ்சம் பின்தங்கினார். மெட்டாலிக்காவே வாசித்துவிட்டு இறங்கிய மேடை, சுத்தமாக வாசித்தவர்கள் அன்றைக்கு நிறையப் பேர். நான் நினைவில் வைத்திருப்பது, உட்கார்ந்த இடத்திலேயே கைப்பிடியைப் பிடித்து உடம்பை மேலே தள்ளி எழப் பார்த்துக்கொண்டே இருந்தாரே, அதை.

பதினேழு நாள் கழித்துப் போய்விட்டார். வயது 76. கேலி செய்கிறவர்களை விடுங்கள் அக்கா.

வெருலம், ஒரு அம்மா: என் வீட்டுக்காரருக்கு 63 வயது. முப்பது வருஷத்துக்கு முன் விட்ட பேண்டைக் கராஜில் மறுபடி தொடங்கப்போகிறாராம். பழைய நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள். தடுப்பதா, விடுவதா?

விடுங்கள். சுருதியை அரைக்கட்டை இறக்கச் சொல்லுங்கள், டிரம்ஸ்காரருக்கு முதுகு சாய்கிற ஸ்டூல் வாங்கிக் கொடுங்கள், நாலு பேருக்கும் காதடைப்பான். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கராஜ் மூலையில் போர்வை போர்த்தி வைத்திருக்கிற வால்வு ஆம்பை அவர் நேராகப் ப்ளக்கில் செருகிவிடக்கூடாது. முப்பது வருஷம் சும்மா கிடந்த கப்பாசிட்டர் உள்ளே காய்ந்திருக்கும். முழு மின்சாரம் பாய்ந்தால் வெடிக்கும், டிரான்ஸ்ஃபார்மரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். அவரே திறந்து பார்ப்பதும் வேண்டாம். கொஞ்ச நேரம் போட்டு அணைத்தாலும் உள்ளே நானூறு வோல்ட் தங்கியிருக்கும். அப்படியே காரில் ஏற்றி எடுத்து வாருங்கள். நான் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எழுப்பித் தருகிறேன், வால்வு சிவக்க ஆரம்பிப்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். சனிக்கிழமை காலை பத்துக்கு மேல் வந்தால் டீயும் இருக்கும்.