தேடல் பெட்டியில கெடைக்கிற கவிதை: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: இன்டர்நெட்ல தேடி வந்த வரிகள அப்படியே அடுக்கி 'ஃப்ளார்ஃப்'னு ஒரு வகை கவிதை எழுதுறாங்களாம். எங்க வகுப்புல இத பத்தி பேசுனப்ப பாதி பேர் சிரிச்சாங்க, மீதி பேருக்குக் கோவம் வந்துடுச்சு. இது நிஜமாவே கவிதையா சார்?

பதில்: விளையாட்டாத்தான்மா ஆரம்பிச்சுது. அமெரிக்கால கேரி சல்லிவன்னு ஒரு கவிஞர், 2000 வாக்குல, எது அனுப்புனாலும் 'உங்க கவிதை தேர்வாயிடுச்சு, தொகுப்புல வருது, புத்தகத்த காசு குடுத்து வாங்கிக்கோங்க'ன்னு சொல்ற ஒரு போட்டிக்கு, தன்னால எவ்வளவு மோசமா எழுத முடியுமோ அவ்வளவு மோசமா ஒண்ணு எழுதி அனுப்பிப் பாத்தார், அதுவும் தேர்வாச்சு. அத பாத்து நண்பர்களும் வேணும்னே அசட்டுத்தனமா, பொருந்தாத வார்த்தையா போட்டு எழுத ஆரம்பிச்சாங்க, 2001ல மின்னஞ்சல் வழியா ஒரு குழுவாவே ஆயிட்டாங்க.

அவங்க கூகுளுக்குள்ள போனப்பதான் விஷயமே மாறுச்சு. சம்பந்தமே இல்லாத ரெண்டு வார்த்தைய தேடல் பெட்டியில போடுறது, ஒவ்வொரு முடிவுக்குக் கீழயும் பாதியில அறுந்து நிக்குற ரெண்டு வரி வரும்ல, அந்தத் துணுக்குகள எடுத்து வெட்டி ஒட்டுறது. கே. சிலெம் முகமதுவோட 'டீர் ஹெட் நேஷன்' 2003ல அப்படித்தான் வந்துச்சு, மான் தலைங்கிற வார்த்தையப் போட்டுத் தேடித் தேடி எடுத்தது. நாடா கோர்டன், ட்ரூ கார்ட்னர், ஷரோன் மெஸ்மர்னு பலர் எழுதுனாங்க. 1912லேர்ந்து வர்ற 'பொயட்ரி' இதழே 2009 ஜூலை-ஆகஸ்ட்ல இவங்களுக்கு ஒரு பகுதி ஒதுக்குச்சு.

என்னக் கேட்டா, கவிதைதான். 1920லயே திரிஸ்டன் ஜாராங்கிற கவிஞர் சொன்னார், செய்தித்தாள்ல ஒரு கட்டுரைய வார்த்தை வார்த்தையா கத்தரிச்சு ஒரு பையில போட்டுக் குலுக்கு, ஒண்ணொண்ணா எடு, வர்ற வரிசையில எழுதுன்னு. அவர் வரிசைய குலுக்கலுக்கு விட்டுட்டார். ஃப்ளார்ஃப் ஆளுங்க விடல, ஆயிரம் வரி வந்தா தொள்ளாயிரத்து எண்பத எறிஞ்சாங்க, மிச்சத்த மாத்தி மாத்தி அடுக்குனாங்க. எந்த வரிய வச்சுக்கிறோம், எத எதுக்குப் பக்கத்துல நிறுத்துறோம்ங்கிறதுலயே எழுதுற ஆள் தெரிஞ்சுடுவார். உங்க வகுப்புல கோவப்பட்டவங்ககிட்ட ஒரே வார்த்தைய ரெண்டு பேர தேடச் சொல்லி ஆளுக்குப் பத்து வரி எடுக்கச் சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணா வரவே வராது.

கேள்வி: நானும் ஒண்ணு செஞ்சு பாக்கணும்னு ஆசை. எங்கேர்ந்து ஆரம்பிக்க?

பதில்: கூகுள் தானா முடிச்சுத் தர்ற வரிகள்லேர்ந்து ஆரம்பிக்கலாம், 2012ல ஃபின்லாந்துல ரெண்டு பேர் அத மட்டுமே கவிதையா சேகரிக்க ஆரம்பிச்சாங்க. ஆனா எனக்குப் புடிச்ச இடம் பழைய பாட்டு வீடியோவுக்குக் கீழ இருக்குற கமெண்ட்.

ஒரு நாள் ராத்திரி அப்படி ஒரு பாட்டுக்குக் கீழ உக்காந்தேன், பாட்டு எதுன்னு வேணாம், எந்தப் பாட்டுக்குப் போனாலும் இதேதான் இருக்கும். நூத்துக்கணக்குல கமெண்ட், அதுல பாதி ஒரே கேள்வி, இந்த வருஷம் யாராச்சும் இத கேக்குறீங்களான்னு, கீழ போகப் போக வருஷம் மட்டும் ஒண்ணொண்ணா கொறையுது, கேள்வி மாறவே இல்ல, யாரும் யாருக்கும் பெருசா பதிலும் சொல்லல. மூணு மணி நேரம் வாசிச்சு ஆறு வரி எடுத்தேன், ஒரு வார்த்தை கூட நானா சேக்கல, வெட்டுனது மட்டும்தான் என் வேல:

2024ல யாராச்சும் கேக்குறீங்களா
2021ல யாராச்சும் கேக்குறீங்களா
2017ல யாராச்சும்
அப்பா கேப்பாரு
ஆடியோ சரியில்ல
யாராச்சும்

மொதல்ல 'அப்பா கேப்பாரு'வ கடைசி வரியா வச்சிருந்தேன். ராத்திரி பாக்க பிரமாதமா இருந்துச்சு, காலைல பாத்தா உறுத்துச்சு, வாசிக்கிறவங்கள அழு அழுன்னு புடிச்சு உலுக்குற மாதிரி இருந்துச்சு. மேல தூக்கி வச்சு அதுக்குக் கீழ 'ஆடியோ சரியில்ல'ன்னு ஒருத்தர் சொன்ன புகாரப் போட்டேன், நெசத்துலயும் அது அப்படித்தான் இருந்துச்சு, ஒருத்தர் அப்பாவ நெனச்சு எழுதியிருக்கார், அதுக்கு அடுத்தாப்ல இன்னொருத்தர் சத்தம் கொறச்சலா இருக்குன்னு எழுதியிருக்கார். அப்புறம் அந்த 'கேப்பாரு'வ கவனிங்க, முன்னாடி எப்பவும் கேப்பாருன்னும் அர்த்தம், இனிமே கேப்பாருன்னும் அர்த்தம், ரெண்டுக்கும் நம்ம பேச்சுல ஒரே சொல்தான். இத நான் யோசிச்சுக் கண்டுபுடிக்கல, கமெண்ட் போட்டவரு வாயிலேர்ந்து வந்தது, என் வேல அத அடையாளம் கண்டுக்கிட்டதுதான்.

நீங்க செய்யும்போது ஒரே ஒரு எடத்த மட்டும் எடுத்துக்கோங்க. அங்கயும் இங்கயும் மேய்ஞ்சா வேடிக்கையான வரி நெறைய கெடைக்கும், குரல் கெடைக்காது. எடுத்த வரிய கையால நோட்டுல எழுதுங்க, காப்பி பண்ணி ஒட்டுனா காது வேல செய்யாது.

கேள்வி: எழுத்துப்பிழைய திருத்தலாமா?

பதில்: தயவுசெஞ்சு தொடாதீங்க. 'சூப்பர்ர்ர்ர்'னு ஒருத்தர் அடிக்கிறார்னா விரல எடுக்க மனசில்லாம அடிச்சிருக்கார், அத 'சூப்பர்'னு திருத்துனா அந்த மனுஷனே காணாமப் போயிடுவார்.

இதுக்கு நம்ம இலக்கணத்துலயே பேர் இருக்கு, அளபெடைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. 'ஓஒதல் வேண்டும்'னு வள்ளுவர் ஓவ நீட்டுனது ஓசை நெறைய. மெய்யெழுத்தையும் நீட்டலாம், அது ஒற்றளபெடை, 'இலங்ங்கு வெண்பிறை'ன்னு உதாரணம் சொல்வாங்க. ஆனா நன்னூல் எல்லா மெய்க்கும் அனுமதி தரல, ங் ஞ் ண் ந் ம் ன் வ் ய் ல் ள், கூட ஆய்தம், ஆக 11தான். அப்படிப் பாத்தா 'செம்ம்ம்ம' உள்ள வந்துடும், 'சூப்பர்ர்ர்'ல இருக்குற ர் அந்தப் பட்டியல்லயே இல்ல! செய்யுள்ல ஓசை கொறைஞ்சா நெறைக்கத்தான் அளபெடை, ஃபோன்ல அடிக்கிறவருக்குக் கொறையிறது குரல், அவரும் எழுத்த நீட்டித்தான் அத நெறைக்கிறார். இத கேலி பண்றவங்களப் பாத்தா எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா எழுத்துக்குள்ள குரலக் கொண்டுவர்றதுக்கு ஜனங்க தாங்களாவே ஒரு வழி கண்டுபுடிச்சிருக்காங்க.

கேள்வி: அடுத்தவங்க எழுதுனத எடுத்து நம்ம பேர்ல போடுறது திருட்டுதானே?

பதில்: நியாயமான கேள்வி, இத கேக்காம யாரும் இந்த வகையில எழுதக் கூடாதுன்னே சொல்வேன்.

சங்கப் பாட்டத் தொகுத்தவங்களுக்குச் சில பாட்டுக்கு எழுதுனவர் பேர் கெடைக்கல. என்ன பண்ணாங்க, அந்தப் பாட்டுல இருக்குற அழகான தொடரையே பேரா வச்சாங்க, செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார்னு. பேர் தெரியலன்னா கூட உன் வரி உன்னோடதுதான்னு சொன்ன மரியாதை அது. நெட்ல பேரில்லாம கெடக்குற வரிய எடுக்கும்போதும் எனக்கு இதுதான் அளவுகோல்.

இந்த மரியாத தவறுனா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு சம்பவம். கென்னத் கோல்ட்ஸ்மித், இருக்குற எழுத்தையே எடுத்து எழுதுறதுல ரொம்ப பேர் வாங்குனவர், 2000 செப்டம்பர் 1ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் இதழ முழுசா திருப்பி டைப் பண்ணி 2003ல 'டே'ன்னு புத்தகமா போட்டவர். அவர் 2015 மார்ச்ல ஒரு பல்கலைக்கழக மேடையில, அதுக்கு முந்தின வருஷம் ஃபெர்குசன்ங்கிற அமெரிக்க ஊர்ல போலீஸ் சுட்டுச் செத்த மைக்கேல் பிரவுங்கிற கறுப்பின இளைஞரோட பிரேதப் பரிசோதனை அறிக்கையக் கவிதையா வாசிச்சார். வெறுமனே வாசிக்கல, வரிசைய மாத்தி, அந்தப் பையனோட அந்தரங்க உறுப்பப் பத்தின வரியில கொண்டுபோய் முடிச்சார். பெரிய எதிர்ப்பு கெளம்புச்சு, கெளம்பணும்தான். 'வார்த்த என்னோடது இல்ல, அறிக்கையோடது'ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, எங்க முடிக்கணும்னு தீர்மானிச்சது அவர்தானே.

ஃப்ளார்ஃப்லயும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சில கவிதைகள்ல, சரியா எழுதத் தெரியாத ஆள மேல நின்னு பாத்துச் சிரிக்கிற தொனி கேக்கும், படிச்சவங்க ஒண்ணாக் கூடி படிக்காதவங்க வரிய எடுத்து விளையாடுன மாதிரி. அந்தக் கவிதைகள என்னால ரெண்டாந்தடவ வாசிக்க முடியல. அந்த அப்பா கமெண்ட் இருக்கே, அது உண்மையில நாலஞ்சு வரி, ஆஸ்பத்திரி, கடைசி நாள்னு எல்லாம் இருந்துச்சு, நான் ரெண்டு வார்த்த மட்டும் எடுத்தேன். மிச்சம் அவரோடது.

கேள்வி: இப்ப ஏஐ கிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல இப்படி நூறு கவிதை தருமே?

பதில்: தரும். மெஷின எழுத வைக்கிற ஆசை புதுசும் இல்ல, 1952லயே மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்ல கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி காதல் கடிதம் எழுத வச்சார், 1959ல தியோ லுட்ஸ் காஃப்காவோட நாவல்லேர்ந்து சொல் எடுத்துக் கம்ப்யூட்டர வாக்கியம் கோக்க வச்சார். எனக்கு அதவிட ரஞ்சித் பட்நாகர் 2012ல செஞ்ச பென்டாமெட்ரான்ங்கிற புரோகிராம் புடிக்கும். ட்விட்டர்ல யாரோ யதார்த்தமா அடிச்ச வரி ஆங்கில யாப்புல பத்து அசையா சரியா விழுந்திருந்தா அது கண்டுபுடிச்சு, இயைபு வர்ற இன்னொரு வரியோட ஜோடி சேத்துச்சு, எழுதுனவங்களுக்கே தாம் செய்யுள் எழுதுனது தெரியாது. ஏஐ தர்ற வரிய யாரோ ஒருத்தர் சொல்லியிருக்கணும்னு அவசியமில்ல. இந்தக் கவிதைக்கோ யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு ராத்திரி, நெஜமாவே அத சொல்லியிருக்கணும்.

கேள்வி: நெட்ல இருக்குற எழுத்து அழியாது, அதனால இதையெல்லாம் தனியா சேகரிக்க வேண்டியதில்லன்னு என் நண்பர் சொல்றார்.

பதில்: உங்க நண்பர்கிட்ட ஜியோசிட்டிஸ்ங்கிற வெப்சைட் பத்தி கேளுங்க, ஜனங்க ஆசை ஆசையா கட்டுன எவ்வளவோ பக்கம், 2009ல மூடிட்டாங்க. ஃப்ளாஷ்ங்கிற மென்பொருள்ல செஞ்ச அசையுற கவிதைகள் ஒரு தலைமுறை முழுக்க இருந்துச்சு, 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃப்ளாஷ நிறுத்துனதும் அதெல்லாம் பிரவுசர்ல தொறக்காமப் போச்சு. 2023ல ட்விட்டர் புரோகிராம்களுக்குக் குடுத்திருந்த இலவச வழிய அடைச்சப்ப, தானா கவிதை போட்டுக்கிட்டிருந்த புரோகிராம்களும் பல ஓஞ்சு போச்சு.

அதனால நோட்டுல எழுதி தேதியும் போட்டு வைங்க. மேல சொன்னேன்ல அந்தப் பாட்டு, இந்தப் பதில எழுதுறதுக்கு முன்னாடி கமெண்ட்ட இன்னொரு தடவ பாக்கலாம்னு போனேன், வீடியோவையே எடுத்துட்டாங்க, கீழ இருந்த அத்தன பேரும் அதோடயே போயிட்டாங்க. என் நோட்டுல அந்த ஆறு வரி இருக்கு.