"பிசினஸ் பிடிக்கும்" என்று மகன் சொன்னால்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்று வருஷமாக டாக்டர், டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்த பையன், கிரேடு 12 ஜூன் பரீட்சை முடிவு வந்ததும் பி.காம் என்கிறான். ஏன் என்று கேட்டால் "பிசினஸ் பிடிக்கும்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. அப்பாவோ, பி.காம் என்றால் சரி, ஆனால் சி.ஏ. வரை போக வேண்டும் என்கிறார். நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்கிறேன். படிப்பு ஆலோசனைக்கு வந்து, "பிசினஸ் பிடிக்கும்" என்று என் முன் உட்கார்ந்து சொன்ன பிள்ளைகள் ஏராளம். அவர்களில் வியாபாரத்தையே நினைத்துச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு அது ஒரு போர்வை. மருத்துவம் கிடைக்காது என்ற வருத்தம், நண்பர்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள் என்ற துணை, வீட்டுக் கடனைப் பார்த்துப் பார்த்து வந்த பயம், ஏதாவது ஒரு பட்டம் சொன்னால்தான் பெரியவர்கள் கேள்வியை நிறுத்துவார்கள் என்ற தவிப்பு, இப்படி ஒவ்வொன்று அதற்குள் இருக்கும். இவற்றில் எதுவும் தப்பில்லை. ஆனால் உண்மைக் காரணம் வெளியே வராவிட்டால் தவறான படிப்பில் போய் உட்கார நேரும். ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் வழி வேறு.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். கேப்டவுனில்தான் பி.காம் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். பாடத்திட்டத்தை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, அவளுக்கு வேண்டியது பி.காம் இல்லை, சண்டை இல்லாத ஒரு அறை. அவளுக்குப் பிடித்த பாடம் உயிரியல். விடுதி வசதியோடு அதையே படிக்க முடியும் என்று தெரிந்ததும் பி.காம் பேச்சு அன்றோடு போயிற்று.

டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவனும் வந்தான். சரக்கு எப்போது வாங்குவது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. "பட்டம் இருந்தால் பேங்க்காரர் என்னை உட்காரச் சொல்வார், சார்" என்றான். எவ்வளவு நேர்மையான பதில்! அவனுக்கு மூன்று வருஷம் கடையை விட்டுப் போகும் படிப்பு தேவையில்லை. யுனிசா பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியாகச் சேர்ந்தான், கடையும் நடந்தது.

இப்போது அப்பாவின் ஆசைக்கு வருகிறேன். அதை "கௌரவத்துக்காகச் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் வழியில் வந்த ஊர் இது. தொழிலையே இனவாரியாக ஒதுக்கிவைக்கச் சட்டம் இருந்த நாடு தென்னாப்பிரிக்கா. இந்தியர்களுக்கென்று 1961-இல் தொடங்கிய கல்லூரிகூட டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில்தான் நடந்தது. தாத்தா காலத்தில் படித்த பிள்ளைக்கு வாத்தியார் வேலை கிடைத்தாலே பெரிது. அப்படிப்பட்ட வீட்டில் 'சி.ஏ.' என்ற இரண்டு எழுத்து வெறும் பெருமையாக இருக்க முடியாது. இனி என் பிள்ளையை யாரும் வாசலில் நிறுத்த முடியாது என்ற நிம்மதி அது. அவர் ஆசையை இப்படிப் புரிந்துகொண்டால் அவரோடு பேசுவது எளிது.

ஆனால் அந்த வழி எவ்வளவு நீளம் என்பதை அவரும் பையனும் சேர்ந்து பார்க்க வேண்டும். கணக்கியலில் பி.காம் மூன்று வருஷம். அதற்குமேல் சி.டி.ஏ. என்று சொல்கிற முதுநிலைப் படிப்பு ஒரு வருஷம். பிறகு பயிற்சி ஒப்பந்தம் மூன்று வருஷம். அதில் சம்பளம் உண்டு. நடுவில் இரண்டு தொழில்முறைத் தேர்வுகள். எங்கும் தவறாமல் போனாலே ஏழு வருஷம். "சீக்கிரம் சம்பாதித்து வீட்டைப் பார்க்க வேண்டும்" என்பதுதான் பையனின் உண்மைக் காரணம் என்றால், இது அவனுக்குப் பொருந்தாது. இன்னொன்று: பொதுவான பி.காமில் சேர்ந்துவிட்டு, பிறகு சி.ஏ. பக்கம் போகலாம் என்று நினைத்தால், விட்டுப்போன பாடங்களைத் தனியாகப் படித்துச் சேர்க்க வேண்டியிருக்கும். இதைச் சேரும்போதே யோசிக்க வேண்டும்.

சீக்கிரம் வேலைதான் வேண்டும் என்றால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிப்ளோமாக்கள் இருக்கின்றன. டி.வி.இ.டி. என்கிற அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளில் என்4 முதல் என்6 வரையான நிலைகள் ஒன்றரை வருஷம் படிப்பு, பிறகு ஒன்றரை வருஷம் வேலை அனுபவம், தேசிய டிப்ளோமா. இதைக் கீழான வழி என்று தயவுசெய்து வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

மதிப்பெண் விஷயம். பட்டப்படிப்புத் தகுதிக்கு மெட்ரிக்கில், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வில், நான்கு பாடங்களிலாவது 50 சதவீதம் வேண்டும், டிப்ளோமாவுக்கு 40. அதோடு, அவன் எடுத்திருப்பது கணிதமா, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டா என்று நீங்கள் எழுதவில்லை. இது மிக முக்கியம். பெரும்பாலான பி.காம் படிப்புகளுக்கு மேத்ஸ் லிட் போதாது. சராசரி உயரட்டும் என்று மேத்ஸ் லிட்டுக்கு மாறிவிட்டு, கிரேடு 12-இல் கதவு மூடியதைப் பார்த்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பண விஷயத்தையும் பையனிடம் மறைக்காதீர்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டி.வி.இ.டி. கல்லூரிகளுக்கும்தான், தனியார் கல்லூரிகளுக்குக் கிடையாது. தனியார் இடம் எதற்காவது பணம் கட்டுவதற்கு முன், அது உயர்கல்வித் துறையில் பதிவானதா என்று அவசியம் பாருங்கள்.

பையனிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. சாப்பாட்டு மேசையில், அப்பா முன்னால் வேண்டாம். காரில் போகும்போது கேளுங்கள். முகம் பார்க்காமல் பேசுவது அந்த வயதுக்குச் சுலபம். "ஏன் பி.காம்?" என்று கேட்டால் பழைய பதிலே வரும். "டாக்டர் படிப்பு போனது உனக்கு ரொம்ப வலிக்கிறதா, கண்ணா?" என்று கேளுங்கள். அவன் அழுதாலும் அழட்டும். மருத்துவம் இல்லாவிட்டாலும் மருத்துவமனையைச் சுற்றி எத்தனையோ படிப்புகள் இருக்கின்றன. அவன் மனம் இன்னும் அங்கேயே இருந்தால் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"இல்லைம்மா, நிஜமாகவே பிசினஸ்தான்" என்றால், முதல் வருஷப் பாடங்களான கணக்கியல், பொருளாதாரம், புள்ளியியல், வணிகச் சட்டம் எல்லாவற்றையும் அவனையே இணையத்தில் தேடிப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கியலில் ஒரு பழைய வினாத்தாளையும் எடுத்து, யாரும் வற்புறுத்தாமல் உட்கார்ந்து போடுகிறானா பாருங்கள்.

இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாகப் போடும் சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் விருப்பங்களை வரிசைப்படுத்தித்தான் கேட்பார்கள். அந்த வரிசையை நாம் மூவரும் சேர்ந்து எழுதலாம். அப்பா வந்தால் இன்னும் நல்லது. வரும்போது ஜூன் ரிப்போர்ட்டையும், அவன் போட்ட அந்த வினாத்தாளையும் கொண்டுவாருங்கள்.