பஃப்ஸ் கணக்கில் ஏறும் விசேஷச் செலவு

கேள்வி: கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே விருந்துகளுக்கு மினி பஃப்ஸ் செய்து கொடுக்கிறேன். பட்டர் மட்டுமே சேர்ப்பேன். மாதம் சராசரியாக 1,200 பஃப்ஸ் போகிறது. ஒன்று 15 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓவனும் ஃப்ரிட்ஜும் வாங்க நான்கு பவுன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து 60,000 ரூபாய் வாங்கினேன். விசேஷ ஆர்டர்களுக்குச் சரக்கு வாங்க ஐந்து முறை அதன்மேல் கூடுதலாக வாங்கியதில் கடன் இப்போது 1,20,000 ஆகிவிட்டது. வட்டி நூற்றுக்கு இரண்டு ரூபாய். சென்ற ஆண்டு சொந்தத்தில் ஏழு விசேஷங்களுக்கு 2,100 பஃப்ஸ் செய்தேன். நான்கு வீட்டார் பொருள் காசு என்று ஒன்றுக்கு 5 ரூபாய் கொடுத்தார்கள். மூன்று வீட்டார் மொய்யில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். 78,000 ரூபாய்க்குப் பெரிய ஓவன் ஒன்று வட்டியில்லாத் தவணையில் கிடைக்கிறது. வாங்கினால் வருமானம் கூடுமா? சங்கிலியை மீட்க மாதம் 1,000 ரூபாயை டிஜிட்டல் தங்கத்தில் போடலாம் என்கிறார் கணவரின் நண்பர். செய்யலாமா?
— ஒரு வாசகி

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் பதில் வேண்டாம் என்பதுதான். காரணத்தை உங்கள் கணக்கு நோட்டே சொல்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு பக்கம் என்னை நிறுத்திவிட்டது. ‘அக்கா வீடு – 300 – மொய்’ என்று ஒரு வரி. அதற்கு நேர் எதிரே, அதே தேதியில், ‘பட்டர், மைதா வகை – 10,000’ என்று அடகுக் கடையில் வாங்கிய தொகை.

முந்நூறு மினி பஃப்ஸுக்கு எதற்கம்மா பத்தாயிரம்?

பஃப்ஸ் செய்யத் தெரிந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணக்கை மட்டும் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். நூறு மினி பஃப்ஸுக்கு ஒன்றரைக் கிலோ மைதா, ஏறத்தாழ 75 ரூபாய். பட்டர் 900 கிராம். கிலோ 600 என்று வைத்தால் 540. உருளைக்கிழங்கு, பட்டாணி, வெங்காயம், கேரட் எல்லாமாக 150. எண்ணெய், மசாலா, மேலே தடவும் முட்டை 40. மின்சாரம் 40, அட்டைப் பெட்டி 60. கூட்டினால் 905. ஆக ஒரு பஃப்ஸின் அடக்க விலை 9 ரூபாய். இதில் உங்கள் கூலி ஒரு பைசாகூடச் சேரவில்லை. முந்நூறுக்கு 2,700 ரூபாய். மீதி 7,300 எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். உறைக்குள் வைத்த மொய், சீர்த்தட்டில் வைத்த சேலை, மண்டபத்துக்குப் போய்வந்த கார் வாடகை.

இப்படி ஐந்து முறை வாங்கிய கூடுதல் தொகை 60,000. ஒவ்வொரு முறையும் 300 பஃப்ஸ் என்று வைத்தாலும் 1,500 பஃப்ஸுக்கு 13,500 ரூபாய்தான் சரக்குச் செலவு. மீதி 46,500 ரூபாயும் விசேஷச் செலவு. நோட்டில் அது தொழில் செலவு என்று ஏறியிருக்கிறது. அதனால்தான் தொழிலுக்காகக் கடன்பட்டேன் என்று எழுதுகிறீர்கள். தொழில் உங்களைக் கடனாளி ஆக்கவில்லை. வெளியாருக்கு விற்பதில் ஒன்றுக்கு 6 ரூபாய் நிற்கிறது. மாதம் 7,200, ஆண்டுக்கு 86,400. அதில் 28,800 ரூபாயை, மூன்றில் ஒரு பங்கை, அடகுக் கடைக்காரர் வட்டியாக வாங்கிக்கொள்கிறார்.

சொந்தக்காரர்களுக்குச் செய்ததையும் பார்த்துவிடுவோம். பொருள் காசு கொடுத்தவர்கள் 1,200 பஃப்ஸ் வாங்கினார்கள். 9 ரூபாய்ப் பொருளுக்கு 5 ரூபாய் கொடுத்துவிட்டு அதைப் பொருள் காசு என்கிறார்கள்; ஒன்றுக்கு 4 வீதம் 4,800 நஷ்டம். மொய்யில் கழித்தவர்களுக்குப் போன 900 பஃப்ஸில் 8,100. இது கையை விட்டுப் போன பணம். கைக்கு வராமல் போன பணமும் உண்டு. உங்கள் சொந்தக்காரர்கள் விசேஷம் வைப்பதும் முகூர்த்த நாளில், காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கேட்பதும் அதே நாளில். அந்த 2,100 பஃப்ஸை வெளியே கொடுத்திருந்தால் 12,600 நின்றிருக்கும். எல்லாம் சேர்ந்து 25,500. ஓராண்டு வட்டிக்கு இன்னும் 3,300தான் குறைகிறது.

அதற்காக உறவை வெட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. கொங்குப் பக்கம் சீரும் மொய்யும் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வைத்த மொய் திரும்பியும் வரும், எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் கழித்துக்கொள்ளச் சொன்ன பிறகும் நீங்கள் ஒரு வீட்டில்கூடக் கழித்துக்கொள்ளவில்லை. பஃப்ஸும் போயிருக்கிறது, உறையும் போயிருக்கிறது. மண்டபத்து மொய் நோட்டில் உறைத் தொகை மட்டும் ஏறியிருக்கும். 2,700 ரூபாய்ப் பஃப்ஸ் எந்த நோட்டிலும் இல்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரப்போவதும் இல்லை.

இனிமேல் இரண்டில் ஒன்று. நாத்தனார் கேட்டால், “150 பஃப்ஸ் எங்கள் மொய். அதற்கு மேல் வேண்டியதற்கு ஒன்று 12 ரூபாய், பாதி முன்பணம்” என்று சொல்லிவிடுங்கள். அந்த வீட்டுக்கு உறை கிடையாது. 150-க்கு 1,350 ரூபாய் ஆகும், அது கௌரவமான மொய்தான். அல்லது வழக்கப்படி உறை வையுங்கள். பஃப்ஸுக்குப் பணம் வாங்குங்கள். “அண்ணி, உங்கள் கை பஃப்ஸ் இல்லாமல் விசேஷமா?” என்று கேட்டதும் உங்களால் மறுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பேச வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அவருடைய தங்கை, அவர் பேசட்டும். சங்கிலி மட்டும் உங்களுடையது, சங்கடமும் உங்களுடையதா?

இப்போது ஓவனுக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பதில் ஒரு தட்டுக்கு 24 மினி பஃப்ஸ், 25 நிமிடம். மாதம் 1,200 என்றால் 50 தட்டு, ஏறத்தாழ 21 மணி நேரம். மாதம் முழுவதற்கும் அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஓவன் சும்மா இருக்கிறது. வெளி ஆர்டர்கள் பெரும்பாலும் ஐம்பது, நூறு என்கிறீர்கள். நூறு பஃப்ஸ் இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். எப்போது இடிக்கிறது? ஒரே காலையில் 300 வேக வைக்கும்போது. 13 தட்டு, ஐந்தரை மணி நேரம். அந்த 300 யாருக்குப் போகிறது என்று மேலே பார்த்தோம். 5 ரூபாய் கொடுப்பவர்களுக்காக 78,000 ரூபாய்க்கு ஓவன் வாங்கப் பார்க்கிறீர்கள்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வட்டி வாங்காமல் கடன் கொடுக்க யாரும் கடை விரிப்பதில்லை. ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று கேளுங்கள்; தள்ளுபடி என்று ஒரு தொகை வெளியே வரும். அதுதான் வட்டி. அதன்மேல் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று தனியாக. அதெல்லாம் இல்லாவிட்டாலும் மாதத் தவணை 6,500. உங்கள் மாத லாபம் 7,200. ஒரு மாதம் ஆர்டர் குறைந்தால், சங்கிலி ஏற்கெனவே கடையில் இருக்க, அடுத்து எதைக் கழற்றுவீர்கள்?

இடிக்கிற அந்தக் காலைப் பொழுதுக்கு உங்கள் ஃப்ரீசரே வழி சொல்லும். இரண்டு நாள் முன்பே மடித்து, வெட்டி, பூரணம் வைத்து, வேக வைக்காமல் தட்டோடு உறைய வையுங்கள். கல்லானதும் பைகளில் போட்டுக் கட்டிவிடலாம். ஆர்டர் நாளில் இளக விடாமல் அப்படியே ஓவனுக்குள் வைத்தால் நான்கைந்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். பட்டர் உருகி வழிவதற்குள் மாவு எழும்பிவிடுவதால் அடுக்கு நன்றாகவே பிரியும். சித்திரை வெயிலில் பட்டர் ஒழுகி மாவோடு மல்லுக்கட்டுகிற வேலையும் விடியற்காலைக் குளிரில் முடிந்துவிடும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் தேதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிஜிட்டல் தங்கம். நிஜத் தங்கத்தை ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் கடையில் வைத்துவிட்டு, செயலியில் தங்கம் வாங்கி அதை மீட்கலாம் என்கிறார் நண்பர். வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போகும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் இன்னும் கொஞ்சம் போகும். இந்த வகைத் திட்டங்கள் தன் ஒழுங்குமுறைக்குள் வராதவை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரிக்கையே வெளியிட்டது. அந்த 1,000 ரூபாயை அடகுக் கடனில் கட்டினால் ஆண்டுக்கு 240 ரூபாய் வட்டி நிச்சயமாக மிச்சம். நிச்சயமாக 24 சதவீதம் தருகிற செயலி எதுவும் கிடையாது. தருவதாகச் சொன்னால் அதுவே விலகி ஓடக் காரணம்.

செய்ய வேண்டியது இதுதான். உங்களிடம் மூன்று பவுன் வளையல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைய தங்க விலையில் 1,20,000 ரூபாய்க்கு அது தாராளமாகப் போதும். வளையலை வங்கியில் வைத்து அந்தத் தொகையை வாங்கி, அன்றைக்கே அடகுக் கடைக்குப் போய்ச் சங்கிலியை மீட்டுவிடுங்கள். வங்கியில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 12,000; இப்போது கட்டும் 28,800-இல் பாதிகூட இல்லை. அடகுக் கடை தெருமுனையில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது, வங்கியில் அரை நாள் போகும் என்பதெல்லாம் உண்மைதான். அந்த அரை நாளுக்கு ஆண்டுக்கு 16,800 ரூபாய் கூலி.

மதிப்பீட்டாளர் எடை போட்டதும், இந்த நகைக்கு இன்னும் கூடுதலாகக் கிடைக்கும் என்று வங்கியில் சொல்வார்கள். வாங்காதீர்கள். அடகுக் கடையிலும் இதே பேச்சில்தான் ஐந்து முறை ஏறியது.

விலையையும் 18 ரூபாய் ஆக்குங்கள். பட்டரில் செய்து 15-க்குக் கொடுப்பது உங்கள் தயக்கம் வைத்த விலை. நூறில் பத்துப் பேர் போய்விட்டாலும் 1,080 பஃப்ஸுக்கு ஒன்றுக்கு 9 வீதம் 9,720 நிற்கும். இப்போதைவிட 2,500 கூடுதல். ஆர்டர் எடுக்கும்போதே பாதிப் பணத்தை வாங்கிவிட்டால் சரக்குக்குக் கடன் என்ற பேச்சே எழாது, ஏனென்றால் அடக்க விலையே அந்தப் பாதிதான். பழைய வட்டித் தொகை 2,400, விலை உயர்வில் 2,500, சொந்தத்தில் இழப்பது நின்றால் மாதம் 1,000 என மொத்தம் 5,900 ரூபாயை மாதாமாதம் வங்கிக் கடனில் கட்டினால் இரண்டு ஆண்டுக்குள் வளையலும் வீட்டுக்கு வந்துவிடும். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். நடுவில் ஒருமுறை, குறைந்திருக்கும் தொகைக்கு மட்டும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அப்போதும் மேலே ஒரு ரூபாய் வாங்கக் கூடாது.

பின்குறிப்பாக, அடுத்த மாதக் கிரகப்பிரவேசத்துக்கு 350 பஃப்ஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள், ஆனால் 350-உம் பஃப்ஸாகவே இருக்க வேண்டியதில்லை. 200 பஃப்ஸ் போதும். ஓரம் வெட்டிய மாவைப் பிசைந்துவிடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்து, போதாததற்குக் கொஞ்சம் மாவு சேர்த்து, ஓமமும் உப்பும் தூவி விரல் நீளக் குச்சிகளாக வெட்டிச் சுட்டால் மீதி 150 ஆகிவிடும். பூரணச் செலவு இல்லை, மாவும் பாதிதான் பிடிக்கும். ஒன்று நாலைந்து ரூபாயில் அடங்கும். மொத்தம் 2,500 ரூபாய்க்குள் முடிகிற இந்தச் செலவை இந்த மாத விற்பனையிலிருந்து எடுங்கள். நோட்டில் ‘மொய்’ என்று விசேஷச் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வீட்டுக்கு உறை வைக்காதீர்கள்.