மூன்று வெள்ளிக்கிழமைகளும் ஒரு பெருவிரலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தோட்டப்புறத்தை வைத்து ஒரு துப்பறியும் குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து பெண்கள். ஒரே வேனில் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கீமோ ஏற்றிக்கொண்ட நாட்களில் பழகியவர்கள். குணமான பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சேர்ந்து மாலை கட்டுகிறார்கள். அவர்களில் அமிர்தம் கூட்டு, அதாவது சீட்டு, நடத்துகிறாள். ஒரு மாதம் கூட்டுப்பணம் 2,000 ரிங்கிட் கைக்கு வரவில்லை. நோய் திரும்பியதால் சிகிச்சைச் செலவுக்கு அவளே எடுத்துவிட்டாள் என்று முடித்திருக்கிறேன். நடுவில் ஒரு கொலையும் ஓர் இன்ஸ்பெக்டரும் உண்டு. படித்துப் பார்த்த தோழி, "நோய் ஒரு பக்கம் நிக்குது, துப்பு ஒரு பக்கம் நிக்குது" என்கிறாள். என்ன செய்யலாம்?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

தோழி சொன்னது சரி. முதலில் கொலையை எடுத்துவிடுங்கள். மாலை கட்டும் மண்டபத்துக்கு 2,000 ரிங்கிட் காணாமல் போனதே போதுமான பூகம்பம். இன்ஸ்பெக்டரும் வேண்டாம். போலீசுக்கு ஏன் போகவில்லை என்று வாசகர் கேட்பார். பதில் உங்கள் கதையிலேயே இருக்கிறது. மலேசியாவில் கூட்டு நிதி நடத்துவதற்குத் தடைச் சட்டம் 1971 முதல் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரில்கூட 'கூட்டு' என்ற நம் சொல்தான் உட்கார்ந்திருக்கிறது. 10 பேர், ஆளுக்கு மாதம் 200 ரிங்கிட் என்று கணக்கு வையுங்கள். புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது அமிர்தம். அதனால் ஐந்து பேரும் தங்களுக்குள்ளேயே விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிகிச்சைச் செலவுக்குத் திருடினாள் என்பது நிற்காது. அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்கள் கட்டுவது 5 ரிங்கிட். பணம் கரைவது வேன் வாடகையிலும், போகாத வேலைநாளிலும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியிலும்தான். அதற்கு ஒரே நாளில் 2,000 எடுக்கத் தேவையில்லை. பேசாமல் பணத்தை வங்கியிலேயே விட்டுவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அமிர்தம் போட்டாள், இப்போது எடுக்க முடியவில்லை. அவளுடைய பெருவிரலை இயந்திரம் ஏற்கவில்லை.

இது கற்பனை இல்லை. கேப்சிட்டாபின் என்ற கீமோ மாத்திரை சிலருக்கு உள்ளங்கையையும் பாதத்தையும் சிவக்க வைத்துத் தோலை உரிக்கும், கைரேகையும் மங்கிப்போகும். இந்த மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, ரேகை இல்லையென்று அமெரிக்க விமான நிலையத்தில் தடுத்து வைத்த விவரம் 2009இல் மருத்துவ இதழில் வந்தது. நம் அடையாள அட்டையான மைகார்டின் சில்லில் இரண்டு பெருவிரல் ரேகையும் பதிவாகியிருக்கிறது. வங்கி முகப்பில் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ரேகை சேராவிட்டால் வங்கிக்கு வேறு வழியே இல்லையா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு அதிகாரியைப் பார்க்கலாம். ஆனால் அமிர்தம் மறைப்பதே அந்தக் கடிதத்தைத்தான். முகப்பில் இருக்கும் பெண், மண்டபத்துக்குப் பூ கொண்டுவருகிறவரின் மகளாக இருக்கட்டும். மதியம் காட்டிய கடிதம் மாலைக்குள் லயக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.

பொய்த் தடயத்துக்கும் நீங்கள் அலைய வேண்டாம். "முப்பது வருசம் ரப்பர் பால் வெட்டி, ஆசிட்டுல கை வெச்சு ரேகை தேய்ஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால் ஊர் நம்பும். அதை உடைக்க ஒரு வரி போதும்: பால் வெட்டுவதை அவள் விட்டுப் பதினைந்து வருடம், போன வருடம் அதே வங்கியில் அதே விரலை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இனி வெள்ளிக்கிழமைகள். உங்கள் கதையின் தங்கச் சுரங்கம் இதுதான். நீங்களோ மாலை கட்டுவதோடு விட்டுவிட்டீர்கள். கேப்சிட்டாபினோடு ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் முறையில் ஒரு சுற்று 21 நாள். முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் நரம்பில் ஏறும். மாத்திரை 14 நாள், காலையும் மாலையும், சாப்பிட்டு அரை மணிக்குள். அடுத்த 7 நாள் ஓய்வு. ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கும், பிரிட்ஜுக்குள் கைவிட்டால் விரல் சுரீரென்று குத்தும்.

மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அமிர்தம் புதன்கிழமை பஸ் ஏறுகிறாள் என்று வையுங்கள். முதல் வெள்ளிக்கிழமை அவள் ஐஸ் போட்ட சிராப் பண்டோங்கைத் தள்ளிவிட்டுச் சுடச்சுடப் பாலில்லாத தேநீர், தே ஓ, கேட்பாள். பல வருடமாகப் பிடித்த வெள்ளிக்கிழமை விரதத்தையும் விட்டிருப்பாள், வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாதே. இரண்டாம் வெள்ளிக்கிழமை சாப்பிடுவாள், ஐஸும் குடிப்பாள். மூன்றாவதில் மாத்திரை இல்லை, விரதம் திரும்பிவிடும். நான்காவது, மறுபடி முதலாவதுபோல. இதை ஐந்து அத்தியாயங்களில் விளக்கம் இல்லாமல் தூவிவிடுங்கள். சுற்று கூடக்கூடக் குளிர்க் கூச்சம் நீளும் என்பதால், நாலைந்து சுற்றுக்குப் பிறகு இரண்டாம் வெள்ளிக்கிழமையும் அவள் ஐஸைத் தொடாமல் போகலாம். அதற்கு முன்பே புதிரை அவிழ்த்துவிடுங்கள்.

மாலை கட்டுவதும் உதவும். உரிந்த விரலில் வாழைநாரை இறுக்கினால் எரியும். அவள் நாரை விட்டுவிட்டுப் பூ ஆய உட்காரட்டும்.

மொட்டைத் தலைக் காட்சியை வெட்டுங்கள். இந்த மருந்துகளில் முடி மெலியுமே தவிரப் பெரும்பாலும் முழுதாகக் கொட்டாது. தோழிகளில் மூவருக்கு மார்பகப் புற்றுநோய், மூவருக்கும் அப்போது தலை மொட்டையானது என்றால், கீமோ என்றாலே முடி போகும் என்றுதான் நினைப்பார்கள். அமிர்தத்தின் கொண்டையைப் பார்த்துப் பார்த்தே ஏமாறுவார்கள். வாசகரும் ஏமாறுவார்.

கண்டுபிடிக்க வேண்டியவள் லெட்சுமி. உங்கள் பிரதியில் வருகிறாளே, சிடுசிடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவள், அவளேதான். அவளுக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய், இதே மருந்து ஏறியவள் என்று ஆக்கிவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தவளுக்குத்தான் ஐஸைத் தள்ளிய கையின் பொருள் தெரியும். போலீசுக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. கூடவே, அமிர்தத்துக்கு முதல் தடவை ஏறியது வேறு மருந்து என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வேனில் கூட வந்தவர்கள் இரண்டாம் அத்தியாயத்திலேயே கண்டுகொள்வார்கள். லெட்சுமி கண்டுபிடித்தும் பல வாரம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. அவள் சொன்னால் அமிர்தத்தின் மேல் விழுந்த பழி போகும், ரகசியமும் போகும். துப்பு கிடைத்த பிறகும் கதை நடக்க இந்த ஒரு முடிச்சு போதும்.

இன்னொன்று, இது கதை நுட்பம் அல்ல. ஒன்பதாம் அத்தியாயத்தில் அமிர்தத்துக்குக் காய்ச்சல் வருகிறது. தோழிகள் கஷாயம் கொடுத்து இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். கீமோ நடக்கும்போது வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். 38 பாகை செல்சியஸ் தொட்டால் நடு இரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், கீமோ போடுகிறவர் என்று வாசலிலேயே சொல்ல வேண்டும். அந்த இரவில் லெட்சுமி காரை எடுக்கட்டும். கஷாயப் பக்கத்தை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.